என் அத்தை அதற்காக அழவில்லை

பாலாற்றுக்காகக் காணொளி எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். ஆம்பூர் பக்கம், டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவு கலக்கும் பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். போன கோடையில் உங்களில் நான்கு பேர் கேமராவோடு என் அத்தை வீட்டுத் திண்ணைக்கு வந்தீர்கள். அத்தை மோர் கரைத்துக் கொடுத்து உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசினார். கிணற்றுத் தண்ணீர் எந்த வருடம் கரிக்க ஆரம்பித்தது, கரும்பை விட்டு நெல்லுக்கும், நெல்லை விட்டுத் தீவனப்புல்லுக்கும் எப்படி இறங்கினோம், எந்த வரிசைத் தென்னை முதலில் குருத்து காய்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, மாமா சேர்த்துவைத்த தண்ணீர் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். குடிநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் கிணறு அந்த 2,000-ஐத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. இதையெல்லாம் சொல்லும்போது அத்தைக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை.

கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒருவர் சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்து, "மாமா எப்பம்மா தவறினார்?" என்று கேட்டார். அத்தை உடைந்துபோனார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

காணொளி வந்தது. மூன்று நிமிடம். ஆற்றில் நுரை, வயலின், அத்தையின் அழுத முகம், மேலே சிவப்பு எழுத்தில் 'பாலாற்று விஷம் பறித்த உயிர்'. மாமா இறந்தது பெங்களூர் ரோட்டில், லாரி மோதி. அழுகைக்கு நடுவிலேயே அத்தை அதையும் சொன்னார். நீங்கள் அதை வெட்டிவிட்டீர்கள். என் போனில் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "இன்னாடா இது? நான் அதுக்கா அழுதேன்?"

உங்களுக்குப் போன் செய்தேன். "நல்ல காரியத்துக்குத்தானே அண்ணா. அழுகை இல்லன்னா யாரும் நின்னு பாக்கமாட்டாங்க" என்றீர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இத்தனை வருடம் மனு எழுதிய எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உங்கள் காணொளியை லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அந்த லட்சம் பேரும் எதைப் பார்த்தார்கள்? கணவனை விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்ணின் துக்கத்தை. கிணற்றைப் பற்றி அவர்களுக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். கொஞ்ச நாள் கழித்து அதிகாரிகள் முன்னால் ஒரு கூட்டம். ஊர்க்காரர்கள் சீட்டுகளோடு போயிருந்தோம். டேனரி தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, "அந்த வீடியோவுல அழுவுற அம்மாவோட வீட்டுக்காரர் லாரியில அடிபட்டு இறந்தவர். இவங்க சொல்ற மாசு எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி உட்கார்ந்தார். அதற்கு மேல் யாரும் எங்கள் சீட்டுகளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் நாங்கள் சொல்லிவந்த உண்மை அன்றைக்குப் பொய்யோடு பொய்யாகப் போனது.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரை படத்துக்கு நன்றாக இருக்கிறது, தெரியும். ஆனால் ஊர்ச் சாக்கடையிலிருந்தும் நுரை வரும், டேனரிக்காரர்கள் தப்பித்துக்கொள்ள அது ஒன்று போதும். எங்கள் நிலத்தைக் கொன்றது உப்பு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பைப் போட்டு வைக்கிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியே வருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அப்படியே நிலத்தில் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். அந்தக் கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உங்கள் கேமராவில் அது அழகான கிணறாகத்தான் தெரியும். ஒரு வாய் குடித்தால்தான் விஷயம் புரியும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கேட்டைத் தெரியவைப்பதுதான் உங்கள் வேலை என்று நான் நினைக்கிறேன். வயலின் வைப்பதைவிட அது பத்து மடங்கு கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் டேனரி மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்பது இந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது என்று அன்று சொன்னார்கள். இன்றைக்கும் நாடு முழுக்க வழக்குகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். படித்துப் பாருங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர், டேனரிப் பகுதியில் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போன விளைநிலம் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர். எல்லாம் யாரோ ஊர் ஊராக நடந்து, அளந்து எழுதியது. அந்த 35,000 ஹெக்டேர் என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, எங்கள் நிலமும் அதில் ஒரு துளி என்பதால்.

அழவைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சகதியில் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நடந்ததை நடந்தபடி சொன்னாலே நெஞ்சு அடைக்கிறது. அதில் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, வெட்டவும் வேண்டியதில்லை. அந்தக் கண்ணீர் வேறு, அத்தையிடம் நீங்கள் எடுத்துக்கொண்ட கண்ணீர் வேறு.

இன்னொன்று. அதே காணொளியில், கையில் புண்ணோடு பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் முகம் மூன்று விநாடி வருகிறது. அவளைக் கேட்டு எடுத்தீர்களா? அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் அதற்கப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அந்த ஊர்த் தண்ணியே விஷமாமே" என்று தரகரிடம் சொன்னார்களாம். உங்களுக்கு அந்த மூன்று விநாடி முடிந்துவிட்டது. அவள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நீங்கள் வராமல் போய்விடக்கூடாது என்ற பயம் அதைவிட அதிகம். சென்னையிலிருந்து யார் இங்கே வருகிறார்கள்? அதனால் கேட்கிறேன். அந்தக் காணொளியை இறக்குங்கள். மாமா எப்படி இறந்தார் என்பதைத் திருத்தி, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் முகத்தை எடுத்துவிடுங்கள். அத்தை பேசிய ஒரு மணி நேரம் உங்களிடம் இன்னும் இருக்கும். அதில் தென்னையை எண்ணிச் சொல்லும் இடத்தைத் தேடி எடுங்கள்.

மறுபடி வருவதானால் மதியம் 3 மணிக்கு மேல் வாருங்கள், அதுவரை அத்தை மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருப்பார். வெளியிடும் முன்னால் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சீட்டுகளை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆற்றங்கரை ஊர்க்காரன் ஒருவன்