குழுவை விட்டு வந்தவன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்துவிட்டது. எனக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. அது கிடக்கட்டும்.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பேர் வாங்கின குழுவை விட்டுவிட்டு, தனி ஆல்பம் போடுகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், மாதக்கணக்கில் ஒரு பாட்டும் வரவில்லை என்று புலம்பியிருக்கிறாய். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பீட்டர் கேப்ரியல்தான். ஹாஸ்டலில் அவர் கேசட்டைப் போட்டாலே நீ துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடுவாய். இப்போது தப்பிக்க முடியாது, படி.

இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிப் பையன்கள் 1967இல் ஆரம்பித்த ராக் இசைக்குழு ஜெனிசிஸ். அதன் பாடகர் இவர். மனைவியின் சிவப்பு கவுனைப் போட்டு, நரித் தலையை மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவார். பத்திரிகைக்காரர்களுக்கு அதற்குப் பிறகு மற்ற நால்வரும் கண்ணிலேயே படவில்லை. உள்ளுக்குள் புகைச்சல் இல்லாமல் இருக்குமா? 1974இல் மூத்த மகள் பிறந்தபோது குழந்தை பிழைக்குமா என்கிற நிலைமை. இவர் ஆஸ்பத்திரிக்கும் ரெக்கார்டிங்குக்குமாக அலைய, மற்றவர்களுக்கு வேலை தள்ளிப்போகிறதே என்ற கவலை. அந்த வருடக் கடைசியில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கின கையோடு, விலகப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்ட கச்சேரிகளையெல்லாம் 1975 மே வரை பாடிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் பாத் நகரத்துப் பக்கம் வீட்டோடு இருந்துவிட்டார். காய்கறி பயிரிட்டார், பியானோ பழகினார், குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஜெனிசிஸோ புதுப் பாடகரைத் தேடித் தேடி அலுத்து, டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸையே பாடவைத்தது. 1976இல் வந்த அந்த ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. நாம் போனால் குழு படுத்துவிடும் என்று எந்தப் பாடகனுக்கும் மனசின் ஓரத்தில் இருக்கும் இல்லையா? இவருக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

தனி ஆல்பம் 1977 பிப்ரவரியில் வந்தது. தலைப்பு வெறும் 'பீட்டர் கேப்ரியல்'. அடுத்த மூன்றுக்கும் அதே பேர்தான், பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ் போல இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். கடைக்காரர்கள் என்ன பாடு பட்டார்களோ! மழைத்துளி படிந்த கார் ஒன்றுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிற அட்டைப்படம் என்பதால், ரசிகர்கள் இதைக் 'கார்' என்றே சொல்வார்கள்.

ஆல்பம் எப்படி என்றால், முக்கால்வாசி தடுமாற்றம்தான். ஆலிஸ் கூப்பர், லூ ரீட் ஆகியோரின் ஆல்பங்களைத் தயாரித்த பாப் எஸ்ரினை வைத்து, டொரான்டோவில் பதிவு செய்தார். ஒரு பாட்டில் நான்கு குரல் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்கப் பாணி, இன்னொன்றில் ப்ளூஸ், வேறொன்றில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவே வந்து இறங்குகிறது. ஜவுளிக்கடையில் ஒவ்வொரு சட்டையாகப் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறார். ஜெனிசிஸ் சட்டை மட்டும் வேண்டாம் என்பதில்தான் தெளிவு.

ஆனால் அதற்குள் 'சோல்ஸ்பரி ஹில்' இருக்கிறது. பாத் நகரை ஒட்டி நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு குன்று உண்டு, உச்சியில் இரும்புக் காலத்துக் கோட்டையின் மிச்சம். ராத்திரி அங்கே ஏறிப்போய் ஊர் விளக்குகளைப் பார்க்கிற ஒருவன், இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பத் துணிகிறான். அவ்வளவுதான் பாட்டு. குழுவைப் பற்றி ஒரு புகாரும் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டார் முன்னால் நிற்க, தாளம் ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபுவில் ஊறின உன் பையனுக்கு ஏழு புதிதில்லை. ஆனால் பல்லவியின் கடைசியில் மட்டும் நான்குக்கு மாறும், அதைக் கவனிக்கச் சொல். காலை ஊன்றி நின்றுவிட்டுத் திரும்ப நடப்பது போல இருக்கும். பிரிட்டனில் 13ஆம் இடம் வரை போன பாட்டு.

கடைசிப் பாட்டு வெள்ளத்தைப் பற்றியது. சிற்றலை வானொலியில் பொழுது சாயச் சாய ஒலி வலுப்பதைக் கேட்டு, மனுஷ மனங்களுக்கும் அப்படி நடந்தால் என்று யோசித்து எழுதினாராம். நமக்கா தெரியாது, ராத்திரியில் இலங்கை வானொலி எப்படித் தெளியும் என்று! ஆல்பத்தில் அதன்மேல் ஏகப்பட்ட வாத்தியத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். அவருக்கே அது பிடிக்காமல், பின்னால் பியானோவோடு அடக்கமாகத் திரும்பப் பாடினார். 1990இல் வந்த அவருடைய பாடல் தொகுப்பில் இருப்பது அப்படிப்பட்டதுதான். முதலில் அதைக் கேள்.

என்னைக் கேட்டால், அவர் முழுசாக அவரானது 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான். டிரம்ஸில் சிம்பலே, அதாவது அந்த உலோகத் தட்டே, கூடாது என்று தடை போட்டுச் செய்தது. அதில் சில பாட்டுக்கு வந்து டிரம்ஸ் வாசித்தது யார் தெரியுமா? அதே ஃபில் காலின்ஸ்.

அதனால் பையனை நச்சரிக்காதே. பழைய குழுக்காரர்களோடு பேச்சு வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் மெதுவாக விசாரித்து எழுது. கிட்டாரோடு சும்மா பாடிப் பார்த்தது ஏதாவது இருந்தால், கீபோர்டு அது இது என்று சேர்ப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல். மே மாதம் மச்சினன் மகள் கல்யாணத்துக்கு மதுரை வருகிறோம். இரண்டு நாள் முன்னாலேயே வந்து உன் வீட்டில் தங்குவதாகத் திட்டம், தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்