ஒரு ஆணுக்கு மூன்று பெட்டை

உச்சிப்புளி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தொண்டியில் நீ கொட்டகை போட்டுக் காடை வாங்கிவிட்ட சேதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முட்டிவலி இப்போது தேவலை. இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. வாசலைக் கூட்டக் கூட்ட மணல்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். முப்பதில் பதினைந்து ஆண், அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மாப்பிள்ளை. போன வருஷம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் தீனி போடப் போனால், ஒரு பெட்டை கூண்டு மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். உச்சந்தலையில் ஒரு இறகு இல்லை; தோல் சிவந்து, காய்ந்த ரத்தம் பொருக்குத் தட்டியிருந்தது. மிதிக்கும்போது ஆண், பெட்டையின் தலையையும் பிடரியையும் அலகால் கவ்விக்கொள்ளும். ஒரு ஆண் என்றால் தாங்கும், நாலைந்து மாறி மாறி ஏறினால் அந்தச் சின்ன உடம்பு என்ன செய்யும்? வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவித் தனியாக விட்டேன். பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் என் கை கிட்டே போனால் மூலைக்குத்தான் ஓடுகிறது.

ஆண் கூடினால் கரு நிறையக் கூடும் என்று நினைத்திருந்தேன். ஆண்கள் ஒன்றையொன்று துரத்துவதிலேயே பொழுது போகிறது. முட்டையில் பாதி கூமுட்டை. இப்போது ஒரு ஆணுக்கு மூன்று பெட்டை. ஐந்தாறு பெட்டைக்கு ஒரே ஆணை விட்டாலும் கரு குறையும். மொத்தக் கொட்டகைக்குக் கணக்குப் போடாதே, அறைக்கு அறை போடு. உன் பதினைந்து பெட்டைக்கு ஐந்து அறை, ஐந்து ஆண். அடைக்கு விடும் முட்டையை, ஆணைச் சேர்த்து நாலு நாள் கழித்தே எடு. பெட்டை அடை உட்காராது, இன்குபேட்டர்தான். பதினேழு, பதினெட்டு நாளில் பொரிக்கும்.

சாப்பிட மட்டும் முட்டை போதுமென்றால் ஆணே வேண்டாம். பெட்டை தானாகவே இடும்.

மூன்று வாரத்திலேயே நெஞ்சைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆணுக்குச் செங்காவி நிறம், பெட்டைக்கு வெளிர் நெஞ்சில் கறுப்புப் புள்ளி. சந்தேகம் வந்தால் ஆறேழு வாரத்தில் ஆசனவாய்க்கு மேலே இருக்கும் வீக்கத்தை மெல்ல அமுக்கிப் பார். வெள்ளை நுரை வந்தால் ஆண்.

மிச்சம் பத்து ஆணைக் கறிக்குக் கொடுத்துவிடு. தடைக்காலத்தில் மீன் வரத்துக் குறையும்போது இங்கே காடைக்கு நல்ல கிராக்கி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. உன்னுடையவை எல்லாம் ஒரே பண்ணையில் ஒரே நாளில் பொரித்தவை, கூடப்பிறந்தவையாகவும் இருக்கலாம். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் குஞ்சு நோஞ்சானாகும், பொரிப்பும் குறையும். அதனால் நீ வைத்துக்கொள்ளும் ஐந்து ஆணை இங்கே கொண்டுவா, என்னுடையதில் ஐந்தைப் பிடித்துப் போ. போனதும் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர். வரும்போது உயரமில்லாத அட்டைப்பெட்டி எடு, மேலே சாக்கைக் கட்டு. மிரண்டால் நெட்டுக்குத்தாக எம்பித் தலையை இடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கே வந்துவிடு. அம்மா உனக்கு நண்டுக் குழம்பு வைக்கிறாளாம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை