இடது காலுக்கு வேலை இல்லை

அன்புள்ள கண்ணம்மா,

"கார் பழகிடுச்சாம்மா?" என்று போனில் கேட்டாய். "ம், ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால்தான். இப்போது அவர் தூங்குகிறார்.

இந்த ஆட்டோமேட்டிக் காரில் ஒரு குறையும் இல்லை. பழக வேண்டியது நான்தான், அதிலும் என் இடது கால். நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த கால் அது; இதிலோ கிளட்சே கிடையாது. இரண்டாம் நாள், முன்னால் போன வண்டி நின்றது. என் வலது கால் ஒழுங்காகத்தான் பிரேக்குக்குப் போனது. இடது கால் யாரையும் கேட்காமல் எழுந்து, கிளட்ச் என்று நினைத்து அந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. கார் குத்திட்டு நின்றது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. நல்லவேளை, பின்னால் வண்டி இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் சொன்னால் "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று முடித்துவிடுவாய். வயதின் மேல் போட வேண்டியவையும் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் இது பழக்கதோஷம். கியர் காரிலிருந்து மாறினால் முப்பது வயதுக்காரிக்கும் இந்த உதை விழும்.

மறுநாள் விடிந்ததும் ஆளில்லாத மைதானமாகப் பார்த்துப் போனேன். இடது காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து சீட்டோரம் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து அது எழுந்து வருவதற்குள் எனக்கு நினைவு வந்துவிடும். முன்னால் போவதற்கான டி-யில் போட்டு பிரேக்கை விட்டாலே வண்டி தானாக ஊர்கிறதே, முதலில் அது பிடிக்கவே இல்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருந்தது. இப்போது காரை நிறுத்துமிடத்தில் நுழைக்கும்போது ஆக்சிலேட்டரைத் தொடுவதே இல்லை. அந்த ஊர்தலே போதும், பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கிறேன்.

நீ வாய்விட்டுச் சொல்லாத பயம் என்னவென்று எனக்குத் தெரியும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவேனோ என்பதுதானே? அப்படி மிதித்தவர்கள் வண்டி நிற்கவில்லையே என்று பதறி இன்னும் அழுத்துகிறார்கள், கெடுவது அங்கேதான். நான் வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேரே ஊன்றி, ஆக்சிலேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் சாய்க்கிறேன். வண்டி நான் நினைக்காததைச் செய்தால் முதல் வேலை, காலை மொத்தமாக எடுப்பது. "எடு, எடு" என்று சத்தமாகச் சொல்லி ஐம்பது தடவையாவது பழகினேன். யாராவது பார்த்திருந்தால் கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இண்டிகேட்டர் இதில் மறு பக்கம் இருக்கிறது. அதனால் கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆட ஆட வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

ஹேண்ட்பிரேக் என்று ஒரு பட்டனைக் காட்டினாய். பழையதை இழுத்தால் கர்ரென்று சத்தம் வரும், கைக்கும் தெரியும். இதை நம்ப மனம் வரவில்லை. விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஒரு விஷயத்தில் நீ சொல்லிக்கொடுத்தது சரியில்லை. சரிவில் நேராக, வண்டியை நிறுத்தி வைக்கும் பி-யில் போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் மொத்தக் கனமும் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் உட்கார்ந்துவிடும். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலான என்-னுக்கு வந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை மெல்ல எடுத்து, வண்டி அதில் நின்ற பிறகு, திரும்ப பிரேக்கை மிதித்து பி. அப்புறம், ஆட்டோமேட்டிக் ஏதோ நேற்று வந்தது போலப் பேசினாய். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர் வந்துவிட்டது. என்னைவிட மூத்தது!

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது அதன் அமைதி. சாவி கைப்பையிலேயே கிடக்கிறது, இன்ஜினை நிறுத்துவதும் ஒரு பட்டன்தான். போன வாரம் ஷெட்டில் விட்டு இறங்கி, கதவு வரை போய்விட்டேன்; இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய ஷெட்டில் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தெரியுமா? அன்றிலிருந்து "பிரேக், பி, பட்டன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் இறங்குவதில்லை.

சரி, வயது. கழுத்து முன்போல் திரும்பவில்லை, அதனால் பின்பக்கக் கேமராவை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். ஆனால் பக்கவாட்டில் ஓடிவரும் குழந்தை அதில் தெரியாது, கண்ணாடிகளையும் பார்த்துத்தான் எடுக்கிறேன். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரைக்குப் போகிறதாம். எனக்கு எழுபத்தொன்று. போதாக்குறைக்கு காரில் இருக்கும் திரை வேறு முகத்துக்கு நேரே பளீரென்று எரிகிறது. ஒளியைக் குறைத்தும் சரிப்படவில்லை. ஆகவே இருட்டினபின் இந்தக் காரை எடுப்பதில்லை என்று நானே முடிவு செய்தேன். நீ சொல்லி அல்ல.

சீட்டைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடித்தது. ஏர்பேக் விரிய இடம் வேண்டுமே, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தையல் டேப்பை வைத்து அப்பாதான் அளந்தார். என் உயரத்துக்குக் கால் எட்டினால் நெஞ்சு இடிக்கிறது, நெஞ்சு தள்ளினால் கால் எட்டவில்லை. முதுகைக் கொஞ்சம் சாய்த்து, சீட்டை உயர்த்தி, ஸ்டியரிங்கை இறக்கி, கடைசியில் 27 வந்தது. அதை 1 என்ற பட்டனில் பதிந்து வைத்திருக்கிறேன். நீ வரும்போது தாராளமாக ஓட்டு, ஆனால் உன் அளவை 2-ல் பதிந்துகொள். 1-ஐத் தொடாதே.

அன்புடன்,
அம்மா