முக்கால் கிராம் மெழுகு

ஃபெல்ட்கிர்ஹ், ஆஸ்திரியா
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா சொன்னபடி கம்பளிக் குல்லா வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டு நாளாக அதற்கு வேலை இல்லை. தெற்கே மலையிலிருந்து ஃபோன் (Föhn) என்று ஒரு வெதுவெதுப்பான காற்று இறங்கி வீசுகிறது. லேபில் பாதிப் பேர் தலைவலி என்று அதன்மேல் பழி போடுகிறார்கள்.

"பல் செய்கிற இடத்தில் மெழுகுக்கு என்னடா வேலை?" என்று கேட்டீர்களே, போனில் சொல்லி முடியவில்லை. சுவாமிமலையில் நம் பட்டறையில் நடப்பதேதான், அளவுதான் சுண்டைக்காய். பல்லை மெழுகில் செய்து, ஸ்ப்ரூ என்கிற வழி விடும் மெழுகுக் கம்பியை ஒட்டி, வண்டல் மண்ணுக்குப் பதில் இன்வெஸ்ட்மென்ட் மாவைக் கரைத்து ஊற்றி, 850 டிகிரி சூளையில் மெழுகை எரித்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் வேறு. எங்கள் பீங்கான் லித்தியம் டைசிலிகேட். எல்லை தாண்டினால் லிச்டென்ஸ்டைனில் ஷான் என்ற ஊர், அங்கே இவோகிளார் கம்பெனி செய்கிறது. 900 டிகிரி தாண்டினாலும் அது வெண்கலம் மாதிரி தண்ணீராக ஓடாது, கெட்டிப் பாகாகத்தான் இளகும். உலைக்குள் ஒரு தண்டு அதை மெல்ல அழுத்தி அச்சுக்குள் தள்ள வேண்டும்.

நீங்கள் மெழுகை நிறுத்து, எட்டு பத்து மடங்கு வெண்கலம் வைப்பீர்கள். கொஞ்சம் கூடப் போட்டால் நஷ்டமில்லை. மிச்சம் அடுத்த மூசைக்குப் போகும். இங்கே பீங்கான் கட்டியை இங்காட் என்கிறார்கள். சின்னது, பெரியது என்று இரண்டே அளவு. கிள்ளிப் போட முடியாது. அழுத்தி மிஞ்சியதை மறுபடி உருக்கவும் கூடாது. மெழுகு 0.75 கிராம் வரை சின்ன இங்காட், அதற்கு மேல் 2 கிராம் வரை பெரியது. பெரியது 200 கிராம் மாவு பிடிக்கும் அச்சில்தான் போகும், 100 கிராம் அச்சில் போகாது. ஆகவே மாவு கரைப்பதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஊற்றியபின் அப்பா என்ன, அந்த ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

இதில்தான் போன மாதம் மாட்டிக்கொண்டேன். நாலு கிரௌன், அதாவது பல்லுக்கு மாட்டும் உறை. பல் மெழுகை மட்டும் தராசில் வைத்தேன், 0.62. சரி, சின்னது போதும் என்று 100 கிராம் அச்சில் ஊற்றிவிட்டேன். உடைத்துப் பார்த்தால் மூன்று பல் பளிச்சென்று இருக்கிறது, நாலாவதுக்கு ஈறு ஓரம் மழுங்கி நிற்கிறது. பீங்கான் அங்கே போய்ச் சேரவே இல்லை.

பக்கத்து மேசையில் இருபது வருஷமாக வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெறும் அச்சு அடித்தட்டை எடுத்துத் தராசில் வைத்து சுழியாக்கிவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாலையும் திரும்ப மெழுகில் செய்து, அடித்தட்டில் ஸ்ப்ரூவோடு ஒட்டி நிறுத்தேன். 0,78. (இங்கே புள்ளிக்குப் பதில் கமாதான் போடுவார்கள்.) மூன்று மில்லிமீட்டர் தடிமன் மெழுகுக் கம்பி நாலு, அதுவே 0.16 கிராம். அந்த வழியையும் பீங்கான்தானே நிரப்ப வேண்டும்?

நல்லவேளை, பல் டாக்டர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது தடவை 200 கிராம் அச்சு, பெரிய இங்காட். மிச்சம் தடித்த வில்லையாக நின்றது. அதைக் குப்பையில் போடக் கை வரவில்லை, ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் நிறுக்கும்போது வெண்கலம் ஓடும் வழிக்கு ஒட்டுகிற மெழுகையும் சேர்த்துத்தானே நிறுப்பீர்கள்? பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தராசைப் பார்த்த ஞாபகமே இல்லை. அடுத்த தடவை போனில் சொல்லுங்கள். அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மகன்