அந்த நோட்டுப் புத்தகம் யாரிடம் போகிறது?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பல மொழியினரும் பல மதத்தினரும் கலந்து வாழும் பகுதிகளில் காவல் துறை, மக்களோடு பழகி அவர்கள் குறைகளைக் கேட்கும் சமூகத் தொடர்பு அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரி, நல்ல யோசனைதான். ஆனால் நியமித்த பிறகு அவரை எந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லையே. என் கவலை அதைப் பற்றித்தான்.

காவல் நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் வருகிறேன். அப்படியொரு தொடர்பு அதிகாரியோடு நாலு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் அடிபட்ட முகத்தோடு ஒரு பெண் வந்திருந்தார். அவர் சொல்வதை அவருடைய ஒன்பது வயது மகன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். "அப்பா" என்ற சொல் வந்த இடத்தில் பையன் நிறுத்திவிட்டான். அந்த அதிகாரி எழுந்து போய் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, எனக்குப் போன் செய்தார். நான் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் பார்த்த வேலை இந்த மாதிரிதான். விழா மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது எதிலும் சேராது.

வீடுகளுக்குப் போனால் முதலில் நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிவிடுவார். பேனாவைக் கண்டால் பேச்சு நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் அவருக்கு நாற்காலி போட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு கூட்டத்தில் வேறு பிரிவு அதிகாரி ஒருவர் அவரிடம், "அந்த மூலை வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்? உங்களுக்குத்தான் தெரியுமே" என்று கேட்டார். இவர் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் அடுத்த வாரமே சாதாரண உடையில் இரண்டு பேர் அந்தத் தெருவில் சுற்றினார்கள். இவர் சொல்லித்தான் வந்தார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். "கொஞ்சம் வேலை இருக்கு" என்று வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பினார்கள்.

இது ஒரு தெருவோடு முடிகிற கதையில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் சுமார் 200 கண்காணிப்புக் கேமராக்களை நிறுவினார்கள். அதில் சில மறைவானவை. சாதாரணக் குற்றங்களைத் தடுக்க என்று மக்களிடம் சொன்னார்கள். பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. 2010இல் விஷயம் வெளியே வந்ததும் காவல் துறைத் தலைவரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கேமராக்களைக் கழற்றிவிட்டார்கள். பல வருடம் அங்கே பழகி நம்பிக்கை சேர்த்தவர்களின் உழைப்பை எங்கே போய்த் தேடுவது?

பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்பார்கள். நியூயார்க் காவல் துறை முஸ்லிம்கள் கூடும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் ரகசியமாகக் குறித்து வைக்கத் தனிப் பிரிவே நடத்தியது. தான் பொறுப்பில் இருந்த 2006 முதல் அந்தப் பிரிவின் அறிக்கைகளிலிருந்து ஒரு துப்புகூடக் கிடைத்ததில்லை என்று அந்தத் துறையின் உளவுப் பிரிவு உயர் அதிகாரி 2012இல் ஒரு வழக்கில் சாட்சியம் சொன்னார். 2014இல் பிரிவையே கலைத்தார்கள். ஆபத்தான ஆள் யார் என்று முதலில் தெரிவது அக்கம்பக்கத்தாருக்குத்தான். அவர்களே வந்து சொல்லாமல் எந்த உளவும் முழுதாகாது.

கலந்து பேசாமலே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, கறுப்பின மக்கள் நிறைய வாழும் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதி இருக்கிறது. 1981 ஏப்ரலில் சில நாள்களுக்குள் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். கைதானவர்கள் 118 பேர். பின்னாலேயே கலவரம். அதை விசாரித்த நீதிபதி ஸ்கார்மன் பிரபு, காவல் துறை உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிப்பதைச் சட்டமாக்கச் சொன்னார்; 1984 சட்டத்தில் அது இடம்பெற்றது. சட்டம் வந்ததும் கமிட்டிகள் முளைக்கும், அது வேறு கதை. கமிட்டியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள். அடிபட்டு வந்த அந்தப் பெண்ணை எந்தக் கமிட்டியிலும் நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தொடர்பு அதிகாரி உளவுப் பிரிவுக்குப் பதில் சொல்பவராக இருக்கக் கூடாது. அவருடைய குறிப்புகள் தனியாக இருக்க வேண்டும்; யார் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கோ யாருடைய உயிருக்கோ ஆபத்து என்றால் மேலே சொல்லித்தான் ஆக வேண்டும். அதை முதல் சந்திப்பிலேயே மக்களிடம் சொல்லிவிடட்டும். சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த அதிகாரியை மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதில் வந்த இளைஞர், நல்ல பிள்ளை, அந்தத் தெருவில் யாரையாவது அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா என்று போன மாதம் என்னிடம் கேட்டார். "உங்கள் நோட்டுப் புத்தகம் யாரிடம் போகும் என்று எழுதி வாங்கி வாங்க, போகலாம்" என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி