சார்லட்டின் காதில் விழாதவை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. அசட்டுப் பாதிரியார் காலின்ஸைக் கட்டிக்கொள்ளும் சார்லட் லூகஸை 'வசதிக்கு விலைபோனவள்' என்று கட்டுரையாளர் தள்ளிவிட்டார். சார்லட்டின் தோழியும் நாவலின் நாயகியுமான எலிசபெத்தும் அப்படித்தான் நினைக்கிறாள். கல்லூரியில் படித்தபோது நானும் அவள் கட்சிதான். ஆஸ்டின் அந்தக் கட்சியில் இல்லை என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். மூன்று நாளுக்குள் எலிசபெத், சார்லட் என்று இரண்டு பெண்களைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுகிறார் காலின்ஸ். சார்லட் சம்மதித்ததும் அவள் அம்மா, காலின்ஸுக்குச் சொத்து வந்துசேர எலிசபெத்தின் அப்பா இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று கணக்குப் போடுகிறாள். அக்கா கல்யாணமாகாமலே செத்துப்போவாளோ என்ற பயம் தம்பிகளுக்குத் தீர்கிறது. இவர்களையெல்லாம் கிண்டலடிக்கும் ஆஸ்டின் சார்லட்டிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். 27 வயது, அழகும் இல்லை, பணமும் இல்லை. ஆஸ்டினே 1802 டிசம்பரில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு இரவு சரி என்று சொல்லிக் காலையில் மறுத்தவர்; அப்போது அவருக்கு 27 நிறைய இரண்டு வாரம்தான் இருந்தது. சார்லட்டும் அப்படி மறுத்திருக்க வேண்டும் என்று 1813இல் வந்த நாவலில் அவர் உபதேசம் செய்யவில்லை.

கல்யாணத்துக்குப் பின் சார்லட்டும் காலின்ஸும் குடியிருக்கும் ஹன்ஸ்ஃபர்டு வீட்டைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அங்கே சாப்பாட்டு அறைதான் வசதியானது. சார்லட்டோ தான் உட்காரப் பின்பக்க அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். காலின்ஸின் அறை சாலையைப் பார்த்தது. இவள் அறையும் அவ்வளவு கலகலப்பாக இருந்தால் மனிதர் எழுந்து வந்துவிடுவாரே! தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று முகம் மாறாமல் சொல்லி அவரை ஊக்குவிக்கிறாள். அவர் உளறும்போது எப்போதாவது முகம் லேசாகச் சிவக்கும். மற்றபடி, 'புத்திசாலித்தனமாக' அவள் காதில் விழுவதில்லை. அந்த ஒரு சொல்லில் கேலி எவ்வளவு, பரிவு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

கட்டுரை கொண்டாடிய எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு ஆஸ்டினிடம் இந்தச் சலுகைகூடக் கிடைப்பதில்லை. அவருடைய நக்கலுக்கு நாமும் சிரிக்கிறோம். ஆனால் பெற்ற பெண்களே அம்மாவை இளக்காரமாகப் பார்க்கும்படி செய்தவர் அவர் என்று 42ஆம் அத்தியாயம் நேராகவே கண்டிக்கிறது. அங்கே நகைச்சுவை துளியும் இல்லை. அதைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால் அதே நக்கலுக்குச் சிரிப்பு வர மறுக்கிறது.

– ஒரு வாசகி, கும்பகோணம்