நாமினியாக இருந்தும் எடுக்க முடியாத பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லும் கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். தப்பில்லை. எங்கள் வீட்டில் எட்டு மாதத்துக்கே இருந்தது. ஆனால் தேவைப்பட்ட அன்று அதில் ஒரு காசு எடுக்க முடியவில்லை.

என் கணவருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து, பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். காப்பீடு இருந்தது, அதற்கு ஒப்புதல் வருவதற்குள் முன்பணம் கட்டச் சொன்னார்கள். சேமிப்பு முழுக்க அவர் பேரில் மட்டும் ஃபிக்சட் டெபாசிட்டாக இருந்தது. நான்தான் நாமினி. ரசீதை எடுத்துக்கொண்டு தைரியமாக வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கியபடி சொன்னார்: "நாமினிக்குக் கொடுப்பது கணக்குக்காரர் காலமான பிறகுதான் அம்மா. இப்போது அவர் கையெழுத்து வேண்டும்." அவரைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படி. இருபது வருடமாக அந்தச் சொல்லுக்கு நானாக ஓர் அர்த்தம் வைத்திருந்தேன்.

சரி, கணவரின் செல்போன் வழியாக மாற்றலாம் என்றால் அது சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. மகன் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தான். அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, திரையில் வைத்தேன். அணைந்து மறுபடி ஆன் ஆன போன் முதலில் கைரேகையை ஏற்காதாம், ரகசிய எண்தான் கேட்கும். அது அவருக்கு மட்டுமே தெரியும். (நான் செய்தது முறையில்லைதான். அப்போது எதுவும் தோன்றவில்லை.)

கடைசியில் மகனின் கிரெடிட் கார்டுதான் கை கொடுத்தது. பாக்கியை உடனே கட்ட முடியாததால் மாதம் 3 சதவீதம் வட்டி. கேட்க லேசாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அவர் தேறிய பிறகு எல்லாவற்றையும் மாற்றினோம். இரண்டு மாதச் செலவுக்கான பணம் கூட்டு சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்ற ஏற்பாட்டில். மீதியை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் நான்காகப் பிரித்தோம். ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி கெடாது. அதில் இரண்டு என் பேரில். ஏனென்றால் இருவர் பேரில் போட்ட டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்கப் போனால் சில இடங்களில் இரண்டு கையெழுத்தும் கேட்பார்கள். கணக்கு தொடங்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. செலவுக் கணக்கும் முதலில் தப்பாகத்தான் போட்டிருந்தோம். வருடத்துக்கு ஒரு முறை வரும் காப்பீட்டு பிரீமியத்தையும் படிப்புக் கட்டணத்தையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தபோது, எங்கள் எட்டு மாதம் ஆறரை மாதமாகச் சுருங்கியது.

அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, எவ்வளவு சேர்ப்பது என்பதோடு வீட்டில் வேறு யாரால் எடுக்க முடியும் என்பதையும் எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானே ஏடிஎம்முக்குப் போய்க் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறேன். கார்டும் எண்ணும் வேலை செய்கின்றனவா என்று தெரிய வேண்டுமே. "என்னைப் படுக்க வைக்கவே ஒத்திகை பார்க்கிறாய்" என்று அவர் முணுமுணுக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி